விருந்தும் வம்பும்: வட்டவடைச் சாவடியிலிருந்து ஒரு வரவேற்பு வரலாறு

மூணாறிலிருந்து கிழக்கே தேயிலைக்குள் ஏறிச் செல்லும் சாலை, டாப் ஸ்டேஷனைக் கடந்து பாம்பாடும் சோலைக்குள் நுழைந்துதான் வட்டவடையை அடைகிறது. சோலையின் வாயிலில் வனத்துறையின் சோதனைச் சாவடி நிற்கிறது. வருகின்ற வண்டியை நிறுத்திப் பார்த்த பின்னரே தடுப்புக் கம்பம் உயர்கிறது. அதற்கப்பால் படிப்படியாக இறங்கும் வயல்கள், பூண்டு, உருளைக்கிழங்கு, கோவிலூர்க் கடைவீதி. இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கும் இவ்வூரின் பேச்சுமொழி பெரும்பாலும் தமிழ். ஊராட்சி அலுவலகப் பலகையில் மலையாளம், திண்ணைப் பேச்சில் தமிழ்.

வழிப்போக்கரை நிறுத்தும் இடத்துக்குச் ‘சாவடி’ என்ற பெயர் வாய்த்தது சொல் வரலாற்றின் சிறு குறும்பு. சாவடி என்பது முன்பு வழிப்போக்கரை நிறுத்திய இடமன்று, இறக்கி வைத்த இடம். மதுரை வட்டாரக் கிராமங்களில் ஊர்ச்சாவடி என்பது இன்றும் ஊர் கூடிப் பேசும் இடம். இரவில் இடம் இல்லாதவன் துண்டை விரித்துப் படுத்தெழும் இடம். தெலுங்கிலும் அச்சொல் அப்பொருளில் வழங்கியது. ஆங்கிலேயர் அதைச் ‘சௌல்ட்ரி’ என்று திரித்துப் பயணக் குறிப்புகளிலெல்லாம் எழுதிவைத்தனர். இன்றைய தமிழிலோ சுங்கச்சாவடி, காவல்சாவடி, சோதனைச்சாவடி, வாக்குச்சாவடி. நான்கிலும் வருபவர் தாம் யாரென்று காட்டியாக வேண்டும், அல்லது காசு கொடுத்தாக வேண்டும். யாரென்று கேளாமல் இடம் தந்த சொல், யாரென்று கேட்பதற்கான சொல்லாக மாறியிருக்கிறது. சொற்கள் பொருள் மாறுவது இயல்பே. ஆனால் இந்த மாற்றம் நிகழ்ந்த திசைதான் வரவேற்பின் வரலாற்றை எழுத முனைவோர் முதலில் நின்று பார்க்க வேண்டியது.

வட்டவடையைச் சூழ்ந்த மலைகளில் வாழும் முதுவரிடம் இச்சொல் பழைய பொருளை முற்றும் இழந்துவிடவில்லை. முதுவர் குடிகளில் வளர்ந்த, மணமாகாத இளைஞர்கள் பெற்றோர் குடிலில் உறங்குவதில்லை. அவர்களுக்கெனப் பொதுக்குடில் ஒன்று உண்டு; அதைச் சாவடி என்றும் சத்திரம் என்றும் வழங்குவர். வெளியூரிலிருந்து வரும் ஆண் விருந்தினர்க்கும் அதுவே தங்குமிடம். 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள், குடிகள் பற்றிய நூலில் தொடங்கி, முதுவரைப் பற்றி எழுதியோர் பலரும் அவர்களைத் தனி வாழ்க்கைமுறை உடையவர்களாக, அயலாரோடு எளிதில் கலவாதவர்களாகச் சித்திரித்துள்ளனர். அயலாரோடு கலவாத மக்கள் அயலானுக்கென்று ஒரு கூரை வைத்திருந்தார்கள் என்பதுதான் இங்கே கவனத்துக்குரியது. வீட்டுக்குள் விடாமல், ஆனால் ஊருக்குள் விட்டு, ஊரின் வலுவான இளைஞர்கள் நடுவே படுக்கவைக்கும் ஏற்பாடு அது. அதில் அன்பும் உண்டு, காவலும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுக்க முயல்வது வீண்வேலை.

‘முதுவர்’ என்னும் பெயரின் வேர் ‘முது’ எனக் கொண்டால் மூத்தகுடியினர் என்றாகும். அம்மக்களின் வாய்மொழி மரபோ அதை ‘முதுகு’ என்பதோடு சேர்க்கிறது. மதுரையிலிருந்து புறப்பட்டபோது பிள்ளைகளையும் உடைமைகளையும் முதுகில் சுமந்துவந்தோர் என்பது அவர்கள் கதை. அண்டையிலுள்ள அஞ்சுநாட்டு மக்களும், அதாவது மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஐந்து ஊரினரும், தம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்தவர்கள் என்றே சொல்கின்றனர். சொல்லிலக்கணம் ‘முது’ என்கிறது. நினைவு ‘முதுகு’ என்கிறது. ஒலிப்பொருத்தத்தை மட்டும் நம்பிய மக்கட்சொற்பிறப்பு என்று மொழியியலாளர் இதைத் தள்ளிவிடலாம். எனினும் ஒரு மலையின் மூத்தகுடி தன்னை ‘வந்தவர்’ என்றே நினைவில் வைத்திருப்பது தள்ளிவிடக்கூடிய செய்தியன்று. இம்மலையில் எல்லோரும் எப்போதோ புதியவராய் வந்தவரே.

புதியவர் என்பதற்குத் தமிழில் மிகப் பழைய சொல் ‘விருந்து’. இன்று அச்சொல்லைக் கேட்டதும் இலையும் சோறும் நினைவுக்கு வருகின்றன. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் ஒன்றுக்கு விருந்து என்று பெயர். புதிதாகப் புனையும் யாப்பே விருந்து. அங்கே சோறும் இல்லை, ஆளும் இல்லை. புதுமை மட்டுமே இருக்கிறது. அப்புதுமைப் பண்பு, புதிதாய் வந்த ஆளைக் குறிக்கும் ஆகுபெயராயிற்று. பின்னர் அந்த ஆளுக்கு இடும் உணவைக் குறித்தது. உணவுப்பொருள் வலுத்தபின் ஆளைக் குறிக்க வேறு வடிவம் தேவைப்பட்டது. விருந்தினர், விருந்தாளி என்னும் ஈறு பெற்ற சொற்களின் பெருக்கத்தை அவ்வாறு விளக்கலாம். மலையாளத்தில் ‘விருந்நு’, விருந்துக்காரன் என்ற பொருளில் ‘விருந்நுகாரன்’. தெலுங்கில் ரகரம் தேய்ந்து ‘விந்து’. தெலுங்குச் சொல் உணவோடு நின்றுவிட்டது. மலையாளச் சொல் இரண்டையும் தாங்குகிறது.

முக்கியமான செய்தி இதன்பின் வருகிறது. பழைய நூல்கள் விருந்தையும் உறவையும் ஒன்றாக எண்ணவில்லை. தொல்காப்பியக் கற்பியல் இல்லாளின் மாண்புகளை அடுக்கும்போது விருந்தைப் பேணுவதைத் தனியாகவும் சுற்றத்தை ஓம்புவதைத் தனியாகவும் சொல்கிறது. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தில் இல்லறத்தான் பேண வேண்டிய ஐவர் பட்டியலில் விருந்துக்கு ஓரிடம், உறவினரைக் குறிக்கும் ‘ஒக்கல்’ என்பதற்கு மற்றோரிடம். அந்த வரிசையில் விருந்து ஒக்கலுக்கு முன்னே நிற்கிறது. அதாவது உறவினன் விருந்தல்லன். முன்பின் அறியாதவனே விருந்து.

இன்றைய வழக்கு இதற்கு நேர் எதிர். கொங்கு வட்டாரத்தில் ‘ஒறம்பரை வந்திருக்கிறார்கள்’ என்றால் வந்திருப்பவர் உறவினர், அவர்களே விருந்தினரும். வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகச் சொன்னால், ‘யாரு, தெரியாதவங்களா?’ என்று எவரும் கேட்பதில்லை. தெரிந்தவர் என்பது விருந்தாளி என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பழைய பொருளின் எச்சம் ஒன்று மட்டும் சடங்கில் தங்கியிருக்கிறது. புதிதாய் மணந்த இணையரை உறவினர் வீடுவீடாக அழைத்து உணவிடுவதை ‘விருந்துக்குக் கூப்பிடுதல்’ என்கிறோம். அவர்கள் உறவினரே ஆயினும் இணையர் என்ற நிலையில் புதியவர். சொல்லைப் பயன்படுத்துவோர்க்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. சொல் தன் பழைய வாழ்வை மறக்கவில்லை.

காக்கையிடமும் அந்தப் பழைய பொருள் இருக்கிறது. காகம் கரைந்தால் விருந்து வரும் என்ற நம்பிக்கையைப் பாடியதால்தான் குறுந்தொகை 210ஆம் பாட்டின் புலவர் காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெயர் பெற்றார். அப்பாட்டில் காக்கைக்கு நன்றியாக எண்ணிப் பார்க்கப்படும் சோறு, சேரரின் மேலைக் கடற்கரைத் தொண்டியில் விளைந்த நெல்லின் சோறு. இன்றும் மலையாளத்தில் காக்கை ‘விருந்நு விளிக்கிறது’ என்றே சொல்வார்கள். அத்தொடரில் விருந்நு என்பது சோறன்று, வரப்போகும் ஆள். தமிழ்ப் பேச்சுவழக்கில் மங்கிவிட்ட பொருளை மலைக்கு அப்புறத்துக் காக்கை காப்பாற்றி வைத்திருக்கிறது.

புதுமையைக் குறித்த சொல் தமிழில் ‘விருந்து’ ஒன்றுதானா? இல்லை. அதன் கூடவே நடந்த இன்னொரு சொல் ‘வம்பு’. தொல்காப்பிய உரியியல் வம்பு என்பதற்கு நிலையின்மை என்று பொருள் கூறுகிறது. சங்கப் பாடல்களில் அது நிலையில்லாத புதுமையைக் குறிக்கிறது. குறுந்தொகை 66இல் கோவர்த்தனார் பாடும் கொன்றை, பருவமல்லாத பருவத்தில் பெய்த ‘வம்ப மாரி’யைக் கார்காலம் என்று எண்ணி ஏமாந்து பூக்கிறது. அகநானூறு 251இல் மாமூலனார் மோரியரை ‘வம்ப மோரியர்’ என்கிறார். பாலைத்திணைப் பாடல்களின் ‘வம்பலர்’ வழிச்செல்லும் புதியவர்கள். அவர்களுக்கு அங்கே கிடைப்பது இலைச்சோறன்று. ஆறலைகள்வரின் அம்பும், பிணத்தை மூடும் தழைக் குவியலும்தான்.

ஆக, ஒரே பண்புக்கு இரண்டு சொற்கள். ஊருக்குள் வந்த புதுமை விருந்து, வழியில் நின்ற புதுமை வம்பு. ஈராயிரம் ஆண்டு கழித்து முதற்சொல் பாயசத்தோடு முடிந்திருக்கிறது. இரண்டாம் சொல் ‘வம்புக்கு இழுக்காதே’, ‘ஊர்வம்பு’ என்று சச்சரவில் முடிந்திருக்கிறது. இரண்டும் தத்தம் தொடக்கத்துப் புதுமையை உதிர்த்துவிட்டன என்பதால், இவை ஒருகாலத்தில் அண்டைவீட்டுச் சொற்கள் என்பதே பேசுவோர்க்குத் தெரிவதில்லை.

இது தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வனிஸ்து, இந்தோ-ஐரோப்பிய நிறுவனங்களின் சொற்களைப் பற்றி 1969இல் வெளியிட்ட நூலில், இலத்தீன் ‘ஹோஸ்திஸ்’ என்ற சொல் முதலில் அயலானை, கைம்மாற்று உறவுடைய விருந்தினனைக் குறித்துப் பின்னரே பகைவனைக் குறிக்கலாயிற்று என்று காட்டினார். ஆங்கிலத்தின் ‘கெஸ்ட்’ அதே வேரில் முளைத்தது. அங்கே ஒரே வேர் இரண்டாய்க் கிளைத்தது. தமிழிலோ வேர்கள் வேறு, ஆனால் புதுமை என்ற பொருட்களம் ஒன்று. வடமொழி ‘அதிதி’ இன்னொரு வகை. திதி பார்த்து வராதவன் என்று மரபுரை பொருள் விரிக்கிறது; இக்கால மொழியியலாளர் அலைந்து திரிதலைக் குறிக்கும் ‘அத்’ என்னும் வேரிலிருந்து அதைப் பெறுகின்றனர். எப்படிப் பார்த்தாலும் சொல்லாமல் வருபவன் அவன். அழைப்பிதழ் அச்சடித்து, வருவோர் எண்ணிக்கையைச் சமையற்காரரிடம் சொல்லி நடத்தும் இன்றைய விழாக்களில் அதிதிக்கும் இடமில்லை, பழைய விருந்துக்கும் இடமில்லை.

மலைக்குத் திரும்புவோம். மலைவாழ் மக்கள் புதியவரை எப்படி ஏற்றனர் என்பதற்குச் சங்க இலக்கியத்தில் இருக்கும் நீண்ட சான்று மலைபடுகடாம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய அந்த ஆற்றுப்படை, செங்கண்மாவின் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்கிறது. வழியில் எங்கே வழுக்கும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எங்கே கவண்கல் பறந்து வரும் என்றெல்லாம் எச்சரித்துவிட்டு, மலைச் சிற்றூரில் எப்படி நுழைய வேண்டும் என்றும் கற்பிக்கிறது. வாசலில் நின்று தயங்க வேண்டாம். உங்கள் வீடு போலவே உள்ளே போங்கள். உறவினரைப் போல உரிமையோடு பழகுங்கள். நெடுவழி வந்த களைப்பு நீங்க இன்சொல் கூறி நெய்யில் வெந்த இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள். வரவேற்பு நெறி விருந்தளிப்பவனுக்கு மட்டும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விருந்தாக வருபவனுக்கும் அதில் பாடம் இருக்கிறது. தயங்கி நிற்பது அங்கே பணிவாகக் கொள்ளப்படவில்லை.

ஆற்றுப்படைகளில் வழியனுப்பும் நெறியும் உண்டு. பொருநராற்றுப்படையில் கரிகாலன் விடைபெறும் பொருநர்க்குப் பின்னே ஏழடி நடந்து வந்து தேரேற்றி அனுப்புகிறான். வரவேற்பின் பெருமை பேசும் மேடைகளில் இந்த ஏழடி அடிக்கடி சொல்லப்படுகிறது. அதைவிட ஆழமானது குறுந்தொகை 118இல் நன்னாகையார் காட்டும் மாலைக் காட்சி. பலரும் புகும் வாயிலை இரவில் அடைக்குமுன், உள்ளே வர வேண்டியவர் எவரேனும் இருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்டபின்னரே கதவு மூடும். வராத தலைவனை எண்ணி வருந்தும் பெண்ணின் பாட்டு அது. வாயிற்கேள்வி அங்கே பின்னணி மட்டுமே. பின்னணியாக நிற்பதால்தான் அது வழக்காற்றுக்கு நல்ல சான்று. பாம்பாடும் சோலையின் சாவடியிலும் வருபவரிடம் கேள்வி உண்டு. அங்கே கேட்கப்படுவது வேறு.

விருந்து எதிர்கொள்வது யாருடைய உரிமை என்ற கேள்வியும் பழையதே. சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர்பாடியில் கோவலனுக்கு உணவிட்டபின் கண்ணகி சொல்லும் குறைகளுள் ஒன்று, அவன் பிரிந்திருந்த காலத்தில் தான் விருந்து எதிர்கொள்ளும் பேறு இழந்தாள் என்பது. கணவன் இல்லாத வீட்டில் மனைவி விருந்தேற்க முடியாது என்பது அதன் உட்கிடை. பிரிவின் வலியைவிட அந்த விலக்கின் வலியை அவள் எடுத்துச் சொல்வதில் இல்லற அறத்தின் உயர்வைக் காண்போர் உண்டு. அவ்வறம் பெண்ணைத் தனித்து நிற்கவிடவில்லை என்றும் காண வேண்டும். அதே இடுக்கி மாவட்டத்தின் தென்கிழக்கு எல்லையில், குமுளிக்கு மேலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலில் சித்திரை முழுநிலவன்று மட்டும் இரு மாநில அதிகாரிகளும் வாயில் திறக்கின்றனர். விருந்தேற்க முடியாமற்போன பெண்ணிடம் ஆண்டுக்கொருமுறை ஆயிரக்கணக்கானோர் மலையேறி வருகின்றனர்.

வாசலின் பொருள்களைப் பற்றி விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. இங்கே சிலவே போதும். நிறைகுடம் மிகத் தொன்மையானது. அமராவதித் தூபியின் சிற்பங்களில் பூ நிரம்பிய குடம் செதுக்கப்பட்டுள்ளது. திருமண வாசலில் மணப்பெண்ணின் தங்கை குலுக்கும் பன்னீர்ச்செம்பு பாரசீக மரபிலிருந்து வந்த விருந்தினர்; இன்று அதை எவரும் அயற்பொருளாக எண்ணுவதில்லை. வெற்றிலைபாக்கு வரவேற்பதற்கும் ஆகும், ‘இனிப் போகலாம்’ என்று சொல்லாமல் சொல்வதற்கும் ஆகும். 1443இல் விசயநகரம் வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அரசர் இரண்டாம் தேவராயர் தமக்கு வெற்றிலையும் கற்பூரமும் தந்து சிறப்பித்ததைக் குறித்து வைத்துள்ளார்.

ஆலத்தி மட்டும் சற்று நின்று பார்க்கத்தக்கது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் நீர் செந்நிறம் கொள்கிறது. அந்தச் செந்நீரை வருபவர் முன் சுற்றி, நெற்றியில் பொட்டிட்டு, மீதியை முச்சந்தியிலோ வாசலிலோ கொட்டிவிட்ட பிறகே உள்ளே அழைக்கின்றனர். இது மரியாதை என்று சொல்லிக்கொள்கிறோம். சுற்றியதைக் கொட்டுவதேன் என்று கேட்டால் ‘கண்ணேறு கழிப்பதற்கு’ என்பது விடை. வழியில் பட்ட கண்கள் வருபவரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன. அவை வாசலோடு நிற்க வேண்டும். வருபவரை ஏற்று, அவரோடு வரும் வெளியைத் தள்ளும் சடங்கு அது. விருந்தை உள்ளே அழைத்து வம்பை வாசலில் கொட்டுகிறோம் என்றும் சொல்லலாம். முதுவர் சாவடியில் கண்ட அதே இரட்டை.

பொருளேதும் இல்லாத வீட்டிலும் ஒன்று உண்டு. அது ‘வாங்க’ என்ற சொல். தமிழ்ப் பேச்சில் வரவேற்பு என்பது ‘வா’ என்னும் வினையின் ஏவல் வடிவம்தான். ‘வணக்கம்’ இருபதாம் நூற்றாண்டு மேடைகளால் பரவிய முகமன். ‘நல்வரவு’ பலகைகளில் வாழ்வது. வீட்டு வாசலில் ‘வாங்க’. வந்து நின்றவரைப் பார்த்து ‘வாங்க’ என்று சொல்வதில் தகவல் ஏதும் இல்லை, அவர் ஏற்கெனவே வந்துவிட்டார். தகவல் இல்லாததால்தான் அதன் முழுப்பொருளும் மரியாதையாகிறது. ‘ஒரு வார்த்தை வாங்கன்னு சொல்லலை’ என்பது தென்மாவட்டங்களில் தலைமுறைப் பகைக்குப் போதுமான காரணம். விடைபெறும்போதும் ‘போறேன்’ என்பதில்லை, ‘போயிட்டு வாரேன்’. அதே வினையிலிருந்துதான் ‘வந்தேறி’யும் வருகிறது. மலையாளத்தில் அயலூரானைக் குறைவாகச் சொல்லும் ‘வரத்தன்’ என்பதும் வரவிலிருந்து பிறந்ததே. ‘வாங்க’ என்பதற்கும் ‘வந்தேறி’ என்பதற்கும் இடையில் வேர்மாற்றம் இல்லை, விகுதி மாற்றம்தான்.

சாவடியும் சத்திரமும் அரசர்களின் அறச்செயலாக விரிந்த காலத்தில் இந்த இரட்டை வேறு வடிவம் எடுத்தது. மதுரையில் இராணி மங்கம்மாள் பெயரால் இன்றும் சத்திரம் நிற்கிறது. தஞ்சை மராத்தியர் இராமேசுவரம் செல்லும் வழிநெடுகச் சத்திரங்கள் அமைத்தனர். அவற்றின் வருவாய்க்குக் கம்பெனி ஆட்சியால் ஊறு நேருமோ என்று அஞ்சிய இரண்டாம் சரபோசி 1801இல் ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. பிராமணர் முதல் பறையர் வரை வழிப்போக்கர் எவராயினும் சத்திரத்தில் உணவு பெறுகின்றனர் என்று பெருமிதத்தோடு அதில் கூறுகிறார். அடுத்தபடியாக, சமைத்த சோறு உண்ணாதவர்க்கு அரிசியாகவே தரப்படும் என்றும் விளக்குகிறார். அந்த அரிசியில் ஒரு சமூகவியல் இருக்கிறது. வாயில் எல்லோர்க்கும் திறந்தது, அடுப்பு திறக்கவில்லை. இதைப் பாசாங்கு என்று தள்ளுவது எளிது. பசித்து வந்தவன் எவனும் திரும்பவில்லை என்பதும், யார் கைச்சோற்றை யார் உண்பது என்ற கணக்கு அழியவில்லை என்பதும் ஒருங்கே உண்மை.

உணவுவிடுதிகள் பெருகிய பின்னர் அக்கணக்கு பலகையில் ஏறியது. அதை எதிர்த்துச் சென்னைத் திருவல்லிக்கேணி முரளி கபே முன் 1957இல் பெரியார் இயக்கத்தினர் நடத்திய ‘பிராமணாள்’ பெயர் அழிப்புப் போராட்டம் தமிழ்நாட்டு வரலாற்றில் பதிவானது. அரசியலமைப்பின் 15ஆம் கூறு அதற்கு முன்பே கடை, உணவகம், விடுதி ஆகியவற்றில் சாதியால் தடுக்கக் கூடாது என்று விதித்திருந்தது. 17ஆம் கூறு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் சிரட்டையில் தேநீரும் இரட்டைக் குவளையும் அதன்பின் பல பத்தாண்டுகள் தென்னகச் சிற்றூர்களில் வாழ்ந்தன.

வட்டவடையின் பெயர் 2020இல் நாளிதழ்களில் அடிபட்டதும் இதனால்தான். ஊரின் முடிதிருத்தும் கடைகளில் பட்டியல் சாதி மக்களுக்கு முடிவெட்ட மறுக்கப்பட்டது. முடிவெட்டிக்கொள்ள அவர்கள் மலையிறங்கி வேறு ஊர்களுக்குச் செல்ல வேண்டியிருந்தது. புகார் எழுந்தபின் ஊராட்சி தலையிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் கோவிலூரில் எல்லோர்க்கும் பொதுவான முடிதிருத்தகம் ஒன்றை ஊராட்சியே திறந்தது. சமூகச் சீர்திருத்தத்தின் நீண்ட வரலாறு கொண்ட மாநிலத்தில், வைக்கம் போராட்டம் நடந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து.

வரவேற்பு வரலாற்றில் இந்நிகழ்வுக்கு என்ன இடம் என்று கேட்கலாம். இடம் இருக்கிறது, மையத்திலேயே. இதுவரை கண்ட சொற்கள் அனைத்தும் இரண்டு வகையினரைப் பற்றியவை: புதியவர், உறவினர். விருந்து, வம்பலர், அதிதி, வரத்தன் ஒருபுறம். சுற்றம், ஒக்கல், ஒறம்பரை மறுபுறம். கடைக்குள் விடப்படாதவர் இவ்விரு வகையிலும் சேரவில்லை. அவர் புதியவர் அல்லர். தலைமுறைகளாக அதே ஊரில் வாழ்பவர். உறவினராகவும் எண்ணப்படவில்லை. தினமும் கண்ணில் படுகிறவர், தினமும் வாசலுக்கு வெளியே நிற்பவர். அவர்க்கென வரவேற்புச் சொல்லைத் தமிழ் உருவாக்கவில்லை. விருந்தோம்பலைப் பாடிய நூல்களில் வழிப்போக்கனுக்குச் சோறிட்ட பாட்டு உண்டு, பகைவர் நாட்டுப் பாணனுக்குச் சோறிட்ட பாட்டும் உண்டு. விலக்கி வைத்த அண்டைவீட்டான் வாசலேறிய காட்சியைத் தேடினால் கை வெறுமையாகத் திரும்புகிறது. விருந்தோம்பலை நம் தனிப்பண்பாக எழுதும் கட்டுரைகள் அயலானை எப்படி நடத்தினோம் என்று மட்டுமே அளக்கின்றன. அயலானை நன்றாக நடத்துவது ஒப்பீட்டளவில் எளிது. அவன் நாளை போய்விடுவான்.

போய்விடுகிறவர்களுக்கு இன்று வட்டவடையில் குறைவில்லை. நீலக்குறிஞ்சி 2018இல் பூத்த பருவத்துக்கு முன்னும் பின்னும் இம்மலைகளின் பெயர் சுற்றுலா வரைபடங்களில் தடித்த எழுத்தில் ஏறிவிட்டது. வயல்களுக்கு நடுவே ‘ஹோம்ஸ்டே’ பலகைகள். வீடும் தங்கலும் சேர்ந்த இந்த ஆங்கிலத் தொடர், மலைபடுகடாம் சொன்ன ‘உங்கள் வீடு போல நுழையுங்கள்’ என்பதை ஓரிரவுக் கட்டணத்தோடு திரும்பச் சொல்கிறது. அதில் இழிவொன்றும் இல்லை. பூண்டு விலை விழுந்த ஆண்டில் ஒரு குடும்பத்தைத் தாங்குவது அந்தக் கட்டணமாக இருக்கலாம். விடுதிப் பதிவேடு ஆதார் எண்ணைக் கேட்கிறது, வண்டி எண்ணைக் கேட்கிறது, சாதியைக் கேட்பதில்லை. எர்ணாகுளத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வரும் எவருக்கும் இம்மலையில் தட்டும் குவளையும் படுக்கையும் கேள்வியின்றிக் கிடைக்கின்றன. கோவிலூரில் பிறந்து கோவிலூரில் வளர்ந்த ஒருவருக்கு முடிதிருத்தும் நாற்காலி ஒன்று கிடைக்க ஊராட்சி தலையிட வேண்டியிருந்தது.

ஊர்ப்புறத்து முடிதிருத்தகங்களில் நாற்காலி காலியானதும் துண்டை உதறியபடி அடுத்தவரைப் பார்த்துச் சொல்லும் சொற்கள் எங்கும் ஒன்றே: ‘வாங்க, உக்காருங்க.’ மொழியியல் நோக்கில் இரண்டு ஏவல் வினைகள், இரண்டிலும் உயர்வுப் பன்மை விகுதி. 2020 செப்டம்பர் வரை அந்த விகுதிக்காகச் சிலர் மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்தனர்.